பதினைந்தரை சதுர அடி

பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 15.5 என்று அச்சாகியிருந்ததை நித்யா மேரி இரண்டாவது முறையாகப் படித்தாள். சிதம்பரத்தில் மணவாளனின் டைல்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த குடோன் அது. புதிதாக வந்திறங்கிய நாலுக்கு ரெண்டு அடி டைல்ஸை பில் போடும் சாஃப்ட்வேரில் சேர்க்க, அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் கடலூர் ஆபீஸிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை சதுர அடி என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். வாடிக்கையாளர் வாங்கும் அடியைப் பெட்டிகளாக மாற்றி அதுவே இருப்பில் கழித்துக்கொள்ளும். அந்த ஓர் எண்ணைப் பார்க்கத்தான் குடோனுக்கு வந்தாள். பக்கத்தில் பழைய ரெண்டுக்கு ரெண்டு பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றிலும் 15.5 என்றே இருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்பு இந்தக் கடைக்கு சாஃப்ட்வேர் போட்டவளும் அவள்தான். தனியாகச் செய்த முதல் கடை. அன்று குடோன் ஆள் ஒருவர் வந்து, பெட்டியைப் பார்க்கிறீர்களா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றிருந்தாள். இரண்டடிக்கு இரண்டடி, பெட்டிக்கு நான்கு, ஆகப் பதினாறு. மேசையை விட்டு எழாமலே போட்டுவிட்டாள். இரண்டடி என்பது வாய்ப்பேச்சுதான், டைல்ஸ் கொஞ்சம் குறைவாகவே வரும் என்பது அப்போது தெரியாது. முந்நூற்றுப் பத்து அடிக்கு குடோனிலிருந்து இருபது பெட்டி போயிருக்கும். சாஃப்ட்வேரோ பத்தொன்பதும் சொச்சமும்தான் கழித்திருக்கும். பில்லுக்குப் பில், திரையில் இருக்கிற பெட்டி குடோனில் இல்லாமல் போயிருக்கும்.

காலையில் டீ கொடுத்தபோது மணவாளன் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"கொளஞ்சின்னு ஒருத்தன் குடோன்ல இருந்தான்மா. நாப்பத்தோரு பொட்டி காணும். ரெண்டு மாசம் முன்னாடி வெளிய அனுப்பிட்டேன். ஒங்க சாஃப்ட்வேர் இல்லன்னா புடிச்சே இருக்க முடியாது."

வெளியே வந்து மேனேஜர் அருள்முருகனுக்கு போன் செய்தாள். எண்ணை மாற்றிவிட்டுப் பேசாமல் வந்துவிடு, இனிமேல் சரியாகக் காட்டும், பழையதைக் கிளறாதே என்றார் அவர். மாற்ற அரை நிமிடம் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. திரையைத் திறந்து 16-ஐ அழித்தாள். புதிய எண்ணை அடிக்காமல் கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், ரெண்டுக்கு ரெண்டை இப்போதே ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள் சார் என்று மணவாளனிடம் கேட்டாள்.

கொளஞ்சியை வெளியே அனுப்பிய அன்று எண்ணித் திருத்திய இருப்பு அது. இப்போது மறுபடியும் பதினேழு பெட்டி குறைந்தது. மணவாளன், கொளஞ்சிக்குப் பதிலாக வந்த புது ஆளைத் திரும்பிப் பார்க்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

"யாரும் எடுக்கல சார். நான் தப்பா போட்டது."

பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாலு பேரு முன்னாடி அவனத் திருடன்னுட்டேன்மா" என்றார் மெல்ல. கொளஞ்சிக்கு போன் போட்டார். இரண்டு முறையும் அந்தப் பக்கம் துண்டித்தார்கள். வீடு கடலூருக்கு முன்னால் குடிகாட்டில் என்றதும், என் பஸ் போகிற வழிதான், முதலில் நானே போய்ச் சொல்கிறேன் என்றாள் நித்யா.

"அவன வரச் சொல்லும்மா. அதே நாலு பேரு முன்னாடி நானே பேசுறேன்."

பஸ்ஸில் அருள்முருகனின் அழைப்பு மூன்று முறை வந்தது. நான்காவது முறை எடுத்து, சொல்லிவிட்டேன் சார் என்றாள். நாளைக்கு ஆபீஸில் பேசிக்கொள்ளலாம் என்று அவர் வைத்துவிட்டார். பயமாக இருந்தது. ஆனாலும் மத்தியானம் முழுக்க அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியிருந்தது.

குடிகாட்டில், பக்கத்து ரசாயனக் கம்பெனியில் கூலிக்கு லாரியில் டிரம் ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் கொளஞ்சி. அவளை அடையாளம் தெரிந்தது. தெருமுனையில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். பெட்டியில் போட்டிருக்கிற கணக்குப்படிதான் ஏற்றினேன் என்று மட்டும் சொன்னார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணா. அன்னிக்கி நீங்க கூப்புட்டப்பவே வந்து பாத்திருக்கணும்."

"வேலை போனா போவுது மேடம். இத எங்க வூட்டுல வந்து சொல்லுவீங்களா? எடுத்தியான்னு அவ ஒண்ணும் கேக்கல. கேக்காமயே இருக்கா."

அவர் மனைவி அமராவதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். நித்யா உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். பதினாறு, பதினைந்தரை, பதினேழு பெட்டி, மணவாளன் சொன்னது எல்லாவற்றையும். கொளஞ்சி வேலியோரம் தள்ளி நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் அமராவதி உள்ளே போனாள். ஏதோ பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதைப் புருஷன் நின்ற இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு, முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.