புந்தல களப்புக்கு ஒரு வேன்

எங்கள் வீட்டில் தெற்குப் பக்கம் என்று வாயைத் திறந்தால் போதும், உடனே தேங்காயும் பழத்தட்டும் வந்து நிற்கும். அந்தப் பக்கம் முருகன் இருக்கும் கதிர்காமத்தைத் தவிர வேறு ஊரே இல்லை என்பது என் மாமியார் வெள்ளையம்மாவின் முடிவு.

நான் போக நினைத்தது கடலை ஒட்டிய உப்புநீர் ஏரியான புந்தல களப்புக்கு. உள்ளான் பார்க்க. சைபீரியாப் பக்கம் பனி கொட்டத் தொடங்கியதும் பறந்து வந்து, நம் கடலோரச் சேற்றில் இரை பொறுக்கிவிட்டு, சித்திரைக்குள் திரும்பிப் போய்விடும் சின்னப் பறவை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைப் படத்தில் காட்டிக் காட்டி எனக்கே அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கிளம்பும் நேரம் பார்த்து யாருக்காவது கல்யாணம் வரும், இல்லாவிட்டால் காய்ச்சல் வரும்.

இந்த முறை விடுவதில்லை என்று மார்ச் பௌர்ணமிக்கு வரும் போயா லீவுக்குத் தெரணியகலை சாலி நானாவின் வேனைப் பேசிவிட்டேன். பாதை கேட்க அவர் வீட்டுக்கு வந்தார். பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்தேன்.

"இரத்தினபுரி, எம்பிலிப்பிட்டி, அம்பாந்தோட்டை. விடியும்போது களப்புல நிக்கணும் நானா. வெயில் ஏறினா ஒன்னும் பார்க்க முடியாது."

"ஹரி, சரி டீச்சர். ராவைக்கே போயிருவோம்."

"விடியக்காலையிலதான் கோயில்ல பூசை," என்றார் மாமி. "மாணிக்க கங்கையில குளிச்சு, கும்பிட்டுட்டு, பெறகு ஒன் குருவிய பார்க்கலாம்."

"அதுக்குள்ள மத்தியானம் ஆயிரும் மாமி."

"கொக்குதானே? நம்ம வயல்லயும் நிக்குது."

கொக்கு இல்லை என்று சொல்லி என்ன பயன்? என் கணவர் சுரேந்திரனைப் பார்த்தேன். தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் மாட்டினால் அவருக்கு உடனே போனில் வேலை வந்துவிடும்.

"கோயில்ல மயிலு இருக்குமே சுகந்தினி," என்றார் தலையைத் தூக்காமல். "அதுவும் பறவைதானே?"

வந்த கோபத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருப்பேன். சாலி நானா இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமி எழுந்து கலண்டரைப் பார்த்தார். பிறகு கண்ணைக் காட்டி என்னை அடுப்படிக்கு, குசினிக்குள் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீ தூரமா இருப்பியேடி. கோயிலுக்கு எப்படி வருவ?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப கோயில் வேணாம் மாமி. நேரா களப்புக்கே போவோம்."

"அந்தப் பக்கம் போயி அவர கும்பிடாம வாறதா? ஒன்ன விட்டுட்டும் போக முடியாது. ஆசையா ஏற்பாடு பண்ணினவ நீ." என் கையைப் பிடித்துக்கொண்டார். "சித்திரைக்குப் போவோம்."

பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். ஒரு எலுமிச்சம்பழக் கனம்கூட இல்லாத குருவி கடல் தாண்டி வந்துவிட்டது. என்னால் இந்தக் குசினியைத் தாண்ட முடியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

"சித்திரையில ஒன்னும் இருக்காது மாமி. எல்லாம் போயிரும்."

"முருகன் எங்கடி போகப்போறாரு? அவரு அங்கயேதான் இருப்பாரு."

"அப்ப அவர சித்திரையில பார்ப்போம்," என்றேன். "போறத இப்ப பார்ப்போம்."

மாமி என் கையை விட்டுவிட்டு முன்னறைக்குப் போனார். வேனை வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"சாலி, அந்தக் களப்புல நின்னா கோயில் கண்ணுல படுமா?"

"படாதும்மா. அங்கருந்து இன்னும் நெறய ஓடணும்."

மாமி திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப சரி. நாங்களும் அவரு கண்ணுல படமாட்டோம்."