முதல் பக்கத்தில் எங்கள் குடும்பம்

என் தம்பி ஒரு நிபுணரைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழவில்லை. யார் வந்தாலும் எழுவதற்கு இது பேருந்து நிலையம் அல்ல.

நாங்கள் இரும்பு பீரோ செய்கிறவர்கள். பின்தெருவில் இருக்கும் பட்டறை தம்பியின் பொறுப்பு. செய்ததை நிறுத்திவைத்து விற்கும் கடை பெரிய தெருவில் இருக்கிறது. அது என் பொறுப்பு. நிபுணர் அங்கிருந்த பீரோ ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கண்ணாடி பதித்த பீரோவின் முன்னால் நின்று தலையை மட்டும் சரிசெய்துகொண்டார்.

"சார், ஒரு வெப்சைட் போட்டா உலகமே உங்க கடைக்கு வரும். ஆனா வர்றது பெரிசில்ல. வந்து பாக்குறவனை வாங்குறவனா மாத்தணும். அதுக்குத்தான் நான்."

"இத்தனை வருஷமா நான் இங்க என்ன பண்றேன், ஈ ஓட்டுறேனா?" என்றேன்.

"பெரியப்பா, அவர் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள் தம்பி மகள். படித்துமுடித்துவிட்டு அப்பாவுக்குத் துணையாகப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவள். நிபுணரைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

தம்பி தொண்டையைச் செருமினான். "அண்ணே, வெப்சைட்ல ஆர்டர் குவிஞ்சுடுச்சுன்னா இந்தக் கடை எதுக்கு? இடத்துக்காரர்கிட்டத் திருப்பிக் குடுத்துடலாம். குவியலேன்னா கடை இருக்கட்டும். என் வாக்கு."

நான் தலையாட்டினேன். என் கடைக்கு ஆயுள் எவ்வளவு என்பதைச் சாக்ஸ் போடாமல் பூட்ஸ் போட்டவன் ஒருவன் சொல்லப்போகிறான் என்று விளங்கியது.

திட்டம் போட தம்பி வீட்டுக் கூடத்தில் கூடினோம். நிபுணர் பலகையில் ஒரு புனல் வரைந்தார். மேலே நிறையப் பேர் விழுவார்களாம். கீழே சிலர் வாடிக்கையாளராக ஒழுகுவார்களாம். அதுவரை சரி. அடுத்துத்தான் வாயைக் கொடுத்தார்: "முதல் பக்கத்துல ஒரு மனுஷ முகம் வேணும். அப்பத்தான் பாக்குறவனுக்கு நம்பிக்கை வரும்."

எங்கள் குடும்பத்தாரிடம் போய் முகம் வேண்டும் என்று கேட்கலாமா?

மறுநாளே தங்கை குடும்பத்தோடு வந்து இறங்கினாள். "என்னை விட்டுட்டுப் படம் போட்டா நான் இந்த வீட்டுல பொறக்கலேன்னு அர்த்தம்" என்றாள். சித்தப்பா வீட்டார் வந்தார்கள். ஆயுளில் ஒரு கீல்கூட மாட்டியிராத தம்பியின் மச்சினன், பட்டறையையே தான்தான் தூக்கி நிறுத்தியது போலக் கைகட்டி நின்றான். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்பது என்பதில் ஒரு பகல் போயிற்று. மூத்தவன் என்பதால் நடுவில் நான் நின்றேன். அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

"எல்லாம் சரி, பீரோ எங்க அத்தை?" என்று தம்பி மகள் கேட்டாள்.

"கீழ எங்கயாவது போட்டுக்கோடி. பீரோ கோவிச்சுக்கவா போகுது?"

அதற்கும் கீழே சிவப்பாக ஒரு பொத்தான், 'வாங்கு' என்று. வந்தவரை அதட்டுவது எந்த மரியாதை? 'வாங்குங்கள்' என்று மாற்றச் சொன்னேன். எழுத்து கூடினால் அழுத்துகிறவர் குறைவார் என்றார் நிபுணர். மரியாதையால் நட்டம் வரும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

தளம் திறந்தது. ஆர்டர் குவிந்தது, உண்மையாகவே. தம்பி மகள் துள்ளினாள். நிபுணர் புனலைப் பெரிதாக வரைந்தார். பட்டறையில் பெயிண்ட் காயக் காய பீரோக்கள் வண்டியில் ஏறின. கடையைக் காலி செய்யும் பேச்சுக்காக இடத்துக்காரரை வரச்சொல்லிவிட்டான் தம்பி.

அவர் வரவேண்டிய அன்று காலையில் வண்டிக்காரன் கடைக்கு வந்தான். பீரோக்களை வீடு வீடாக இறக்கிவிட்டு வந்தவன்.

"பெரியவரே, வெப்சைட்ல வாங்குறவங்க ரொம்ப நல்ல மனுஷங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிடாம விடல. எல்லாரும் உங்க முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

நான் தங்கைக்குப் போன் செய்தேன்.

"உனக்கு எதுக்கு பீரோ?"

"எதுக்கா? சித்தப்பா வீட்டுல வாங்கிட்டாங்களாம். கூடப் பொறந்தவ நான் வாங்கலேன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? ஏற்கெனவே ரெண்டு இருக்கு. இதை மாடிப்படிக்குக் கீழ நிறுத்தியிருக்கேன். துடைப்பம் வெச்சிருக்கேன், அண்ணே. நல்லா கொள்ளுது."

சித்தப்பா வீட்டில் கேட்டேன். மச்சினன் வாங்கிவிட்டானே என்று வாங்கினார்களாம். மச்சினன், தங்கை முந்திக்கொள்வாளோ என்று வாங்கினானாம்.

இடத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். தம்பி, மகள், நிபுணர் எல்லோரும் இருந்தார்கள். வீட்டு விஷயத்தை வெளியாள் முன்னால் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வாயை மூடினால் கடை போகும். பேசினேன்.

"வாங்கினது அத்தனையும் நம்ம ஆளுங்க. ஒரு வெளியாள்கூட இல்ல."

அதுவரை எண்ணிக்கையை மட்டுமே பார்த்துத் துள்ளியிருந்த தம்பி மகள், செல்போனை எடுத்து விலாசங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் இறங்கியது. "ஆமாப்பா. பெரியப்பா சொல்றது சரி. கடைசியா வந்த ஆர்டர் மாமாவோட பையன் போட்டது. அவன் ஹாஸ்டல்ல இருக்கான்."

"வாடிக்கையாளர் யாரா இருந்தா என்ன சார்?" என்றார் நிபுணர். "மாறினாங்களா இல்லையா, அதான் கணக்கு."

"வெக்கத்துக்கு வாங்குனா அது வியாபாரமில்ல, பிச்சை. எங்க வீட்டுல பிச்சை எடுக்க இன்னும் ஆள் பொறக்கல" என்றேன். "தம்பி, போன பீரோ எல்லாம் திரும்பி வரணும். பணமும் திரும்பிப் போகணும்."

"அண்ணே, வெளியாள் முன்னால..." என்று தம்பி முனகினான்.

வெளியாளான இடத்துக்காரர் சிரித்தார். "நானும் உங்க வெப்சைட்டைப் பாத்தேன். உங்க குடும்பத்தை முழுசாப் பாத்தேன். பீரோவைத்தான் தேடிக்கிட்டே இருந்தேன்." எழுந்துபோய், பக்கத்தில் நின்ற பச்சை பீரோவின் கைப்பிடியைத் திருகித் திறந்தார். உள்ளே கை விட்டு லாக்கரைத் தட்டினார். கதவைத் தள்ளினார், அது ஒரே சத்தத்தில் கச்சிதமாக மூடியது. "இந்தச் சத்தம் அதுல இல்லையே" என்றார்.

தம்பி மகள் நிபுணரைப் பார்த்தாள். "சார், நாளையில இருந்து நான் இங்க வந்து உக்காரப் போறேன். வர்றவங்க எதைத் திறக்குறாங்க, என்ன கேக்குறாங்கன்னு பாத்துட்டு நானே எழுதிக்கறேன். நீங்க கிளம்புங்க."

 தம்பி இடத்துக்காரரிடம், என் பக்கம் திரும்பாமல், "கடை இருக்கட்டுங்க" என்றான்.

என் தம்பி அகராதியில் மன்னிப்புக் கேட்பதற்கு இதைவிட நீளமான வாசகம் கிடையாது. நானும் அவனிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதிர்பார்த்ததில்லை.