ஒரு டப்பா பழைய மண்

அப்பா போன மூன்றாம் மாதம் அண்ணன் என்னை வீட்டைவிட்டு அனுப்பினான். கத்தவில்லை, திட்டவில்லை. வாடகைக்கு ஓர் அறை பார்த்து, சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அந்த நிதானத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கூடத்துச் சுவருக்குள் பதித்திருந்த கடல்மீன் தொட்டி என்னுடையது. உப்பு கலந்து, தண்ணீர் மாற்றி, ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டது நான். அதில் இருந்தது ஒரே ஒரு பேத்தை மீன், சீண்டினால் பந்தாக உப்பும் வகை. உருண்டை முழி, எந்நேரமும் குறை சொல்லத் தயாராக இருக்கும் வாய். மாமியார் என்று பெயர் வைத்திருந்தேன். நான் கூடத்துக்குள் நுழைந்தாலே கண்ணாடியோரம் வந்து நிற்கும். அதை மட்டும் கொடு என்று அண்ணனிடம் கேட்டேன்.

"தொட்டி சுவரோட சேர்ந்தது. மீனு தொட்டியோட சேர்ந்தது" என்றான். பக்கத்தில் அண்ணி தலையாட்டினாள்.

"அப்ப தொட்டி மண்ணு கொஞ்சமாவது எடுத்துக்கறேன்."

"மண்ணுதானே, தாராளமா அள்ளிக்கோ."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஒரு டப்பா நிறைய அள்ளிக்கொண்டேன்.

கடல்மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீரில் சேரும் அழுக்கைத் தின்று மீனைக் காப்பாற்றும் நுண்ணுயிர்கள் பழைய மண்ணில்தான் குடியிருக்கும். என் ஒற்றை அறையில் கட்டிலை ஒதுக்கிவிட்டு ஒரு பெரிய தொட்டி வைத்தேன். புது மண்ணைப் பரப்பி, டப்பா மண்ணை மேலே தூவினேன். மீனே இல்லாத அந்தத் தொட்டியைப் பதினான்கு மாதம் ஓட்டினேன். அந்த மண் பட்டினி கிடக்காமலிருக்க அவ்வப்போது ஒரு துண்டு இறால் போட்டேன். வாடகை வாங்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே காணோமே?" என்றார். "மாமியார் வரணும்" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

தண்ணீர் மாற்றுவதில் சந்தேகம் வந்தால் அண்ணன் என்னைத்தான் கேட்பான். ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்தான். "உங்க அண்ணி வெள்ளை மண்ணு வாங்கியிருக்கா. பழசு புது சோபாவுக்குப் பொருந்தலையாம். கிளறி அள்ளிட்டு இதைக் கொட்டிடட்டுமா?"

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பத்து வருட மண்ணின் அடியில் கறுத்துக் கிடக்கும் விஷம் கிளம்பி, சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் சாகப்போவது அண்ணன் இல்லையே.

"கூடாது. வாரத்துக்கு ஒரு ஓரமா, டியூப் வச்சு உறிஞ்சி எடுக்கணும். எட்டு வாரம் ஆகும்."

அண்ணி போனைப் பிடுங்கினாள். "ஞாயித்துக்கிழமை விருந்துக்கு ஆளுங்க வர்றாங்க. ஒரே நாள்ல முடியணும்."

"அப்படின்னா மீனை வெளியே எடுத்துடணும் அண்ணி. என்கிட்ட தொட்டி இருக்கு."

"எடுத்துட்டுப் போ. அது மூஞ்சியும் முழியும்."

சனிக்கிழமை போனேன். மாமியாரைத் தண்ணீரோடு முகந்து வாளியில் விட்டு மூடினேன். அப்புறம், "பழைய மண்ணுல கொஞ்சம் விட்டு வைக்கணும், உள்ள இருக்கற பாறையைத் தேய்க்கக் கூடாது, அதுலதான் உயிர் இருக்கு" என்று ஒருமுறை சொன்னேன். ஒரே ஒருமுறை. இரண்டாம் தடவை சொல்ல நான் என்ன அந்த வீட்டு ஆளா?

"அழுக்குல என்ன உயிரு? ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது" என்றாள் அண்ணி.

அப்படியே செய்தேன். அடிமண் அழுகின முட்டையாக நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணனே மூட்டைகளைக் குப்பை வண்டியில் ஏற்றினான். பாறைகளைக் குழாய்த் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வெள்ளை மண்ணைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, கலங்காமல் மெல்ல இறக்கினேன். என் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அதன்பின் ஞாயிறுதோறும் அண்ணன் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு வந்தான். நான் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். பச்சையாக மாறும். "விஷம். மீனு தாங்காது" என்பேன். அது உண்மைதான். மூன்றாவது வாரம் அவசரப்பட்டுப் புதுசாக இரண்டு மீன் வாங்கிவிட்டான். மூன்றே நாளில் மிதந்தன. அவற்றுக்காக மட்டும் வருத்தப்பட்டேன்.

ஐந்தாவது ஞாயிறு வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. "வர்றவங்க எல்லாம் மீனு எங்கேன்னு கேட்டு மானத்தை வாங்கறாங்க. ஒரு டப்பா பழைய மண்ணு போட்டா சீக்கிரம் சரியாயிடும்னு கடைக்காரர் சொன்னாரு. உன்கிட்டதான் இருக்கே, பாப்பா. அதைக் குடு. அப்படியே மீனையும்."

மாமியார் என் தொட்டியின் மண்ணை ஊதி ஊதி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"மண்ணு தொட்டியோட சேர்ந்தது, அண்ணா. மீனும் தொட்டியோட சேர்ந்தது."

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. உட்கார இடம் தேடினான். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"இது அநியாயம்" என்றான்.

"அன்னைக்கு நானும் அதைத்தான் நினைச்சேன்."

பாட்டிலை மூடி அவன் கையில் கொடுத்தேன்.

"அண்ணிகிட்ட சொல்லு, மண்ணு சோபாவுக்கு நல்லாப் பொருந்துதுன்னு."