ஆறாத கால்

மாமாவின் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்கும் பெண்ணை எல்லோரும் நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வயதுக்கு அந்த உயரம் கொஞ்சம் அதிகம்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அந்த இடத்தில் நின்றது அவள் அம்மா. ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மாவும் இல்லை, அலமாரியில் அம்மாவின் துணிகளும் இல்லை.

"எவன் கூடவோ போயிட்டா. கூடப் பிறந்தவன்னு சொல்லிக்கவே நாக்கு கூசுது," என்றார் மாமா. பிறகு அவள் தலையில் கைவைத்து, "நான் இருக்கேன்ல," என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் பள்ளியை விட்டாள், அம்மாவின் வேலையை எடுத்துக்கொண்டாள். அத்தை மிச்சம் மீதியைத் தட்டில் தள்ளியபோதும் வழித்துச் சாப்பிட்டாள். வஞ்சமெல்லாம் அம்மா மேல்தான்.

மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை ஏற்றி வருகிற வேனை ஓட்டுபவள் நாற்பது வயதுக்காரி. ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு நெட்டச்சியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எட்டாம் வார்டுல ஒரு பொம்பள கால் வெந்து கிடக்குது. இங்க நெட்டையா ஒரு பொண்ணு இருப்பா, ஒழுங்கா சாப்பிடுறாளான்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னு என் உயிரை வாங்குது. கேட்டதை அவகிட்ட சொல்லிடாதன்னும் சொல்லிச்சு. எனக்குத்தான் வாயில எதுவும் நிக்காதே."

"எனக்கு அம்மா கிடையாது."

"உன் அம்மான்னு நான் சொல்லவே இல்லையே."

அன்று மாலையே நெட்டச்சி மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் கோபப்படவில்லை. தன் கையாலேயே டீ ஆற்றிக் கொடுத்து, "நல்லவேளை, என்கிட்ட வந்து சொன்ன," என்றார். பல நாளைக்குப் பிறகு அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் காலை வேன் வந்ததும், பன்னிரண்டு விரிப்புகளைக் காணோம், வேன்காரிதான் திருடி என்று ஊரைக் கூட்டினார் மாமா. வேன் முதலாளியை வரவழைத்துச் சாவியைப் பிடுங்க வைத்தார். வேன்காரி நெட்டச்சியை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தாள்.

அந்த விரிப்புகளை முந்தின நாள் எண்ணி அடுக்கியவள் நெட்டச்சி. ஒன்றுகூடக் குறையவில்லை. குறையாததை ஏன் குறைந்தது என்கிறார்? இஸ்திரி இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் தெருமுனை வரை ஓடினாள்.

"அக்கா."

"என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டு என்ன அக்கா?"

வராதே என்று மட்டும் அவள் சொல்லவில்லை. பத்தடி பின்னாலேயே நெட்டச்சி மருத்துவமனை வரை நடந்தாள்.

எட்டாம் வார்டின் கடைசிக் கட்டிலில் அம்மா பாதியாக இளைத்துக் கிடந்தாள். வலது பாதம் கணுக்கால் வரை கறுத்திருந்தது. மகளைக் கண்டதும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எதுக்கு வந்த? நொண்டியோட இருக்க வெக்கமா இருக்குன்னு உன் மாமாகிட்ட சொன்னியாமே."

அம்மா சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. இரண்டு மாதத்துக்கு முன்பு சலவைக்கூடத்தில் கொதிநீர்க் குழாய் வெடித்து அவள் காலை வேகவைத்திருக்கிறது. விஷயம் வெளியே போனால் கூடத்துக்குப் பூட்டு விழும். அதனால் வீட்டில் வெந்நீர் கொட்டிவிட்டதாக அம்மாவிடம் எழுதி வாங்கியிருக்கிறார் மாமா. வாயைத் திறந்தால் மகள் தெருவில் நிற்பாள் என்றும் சொல்லியிருக்கிறார். அலமாரித் துணிகளை அப்புறப்படுத்தியதும் அவர்தான்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. நீ ஓடிட்டேன்னு மாமாதான் சொன்னாரு."

"நீயும் நம்பிட்ட." அம்மா சுவரைப் பார்த்தே பேசினாள். "இப்ப மட்டும் நான் உன்னை எப்படி நம்புறது?"

நெட்டச்சி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்தார். சர்க்கரை இருப்பதால் புண் ஆறவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார். மூன்று நாளாக இதையேதான் சொல்கிறாராம். மூன்று நாளாக அம்மா தலையாட்ட மறுக்கிறாளாம்.

"வெட்டிட்டு என்னை எங்க கொண்டுபோய்ப் போடுவ? இனிமே உனக்கே கூரை இல்ல."

கட்டிலின் கால்மாட்டில் கைகட்டி நின்ற வேன்காரி தொண்டையைச் செருமினாள். "என் வீட்டுப் பின்னால ஒரு ரூம் சும்மாதான் கிடக்குது. உங்க பொண்ணு மேல எனக்குக் கோபம் தீரல, அது வேற கதை. நீங்க வந்து படுங்க."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பிக்கை வந்ததா, வலி தாளவில்லையா, தெரியாது. ஆபரேஷனுக்கான சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். "இதுவும் பொய்னா நான் பொழைக்கவே கூடாது," என்றாள்.

காலை எடுத்தார்கள். அம்மாவுக்கு மயக்கம் தெளிந்த நேரத்தில் நெட்டச்சி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது, "போயிட்டா, எனக்குத் தெரியும்," என்று அம்மா நர்ஸிடம் சொல்வது வாசலிலேயே கேட்டது. அம்மா அழுதது காலுக்காக இல்லை.

நெட்டச்சி சொன்னதைக் கேட்டுப் போலீஸ்காரர் ஒருவர் சலவைக்கூடத்துக்கு விசாரிக்கப் போனார். வீட்டில் வெந்நீர் கொட்டியதாக அம்மா எழுதிக் கொடுத்த காகிதத்தை மாமா காட்டினார். பேச்சு அதோடு முடிந்தது. கூடத்தில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள்.

வார்டை விட்டு எங்கே போனாலும் நெட்டச்சி சொல்லிவிட்டுப் போகப் பழகினாள். மருந்து வாங்கப் போறேன், வந்துடுவேன். பாத்திரம் கழுவப் போறேன், வந்துடுவேன். அவள் திரும்பி வரும்வரை அம்மாவின் கண் வாசலிலேயே கிடக்கும்.

காலை எடுத்த ஒன்பதாம் நாள் அவள் மறுபடி வாயெடுத்தபோது அம்மா எரிந்து விழுந்தாள்.

"கக்கூஸுக்குப் போறதுக்கெல்லாமாடி சொல்லுவாங்க? போ, போயிட்டு வா. கத்திக் கத்தி என் தூக்கத்தைக் கெடுக்காத."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.