டெமோ அக்கா வீட்டில் வியாபாரம்

என் மனைவி வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் டெமோ காட்டுகிறவள். கடை வாசலுக்கு நேராக ஒரு மேஜை, அதன் மேல் அந்த வாரம் விற்றாக வேண்டிய சாமான், அதன் பின்னால் இவள். வெங்காயத்தைப் போட்டு மூடிக் கயிற்றை இழுப்பாள். திறந்து காட்டி, "பாத்தீங்களா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல" என்பாள். குடை வாங்க வந்தவர் குடையை மறந்துவிட்டு வெங்காயம் நறுக்கும் டப்பாவோடு போவார். கடையில் எல்லாருக்கும் அவள் டெமோ அக்கா. பேச்சில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது.

தொல்லை என்னவென்றால், அந்தப் பேச்சைக் காலையிலிருந்து இருட்டும் வரை முழுசாகக் கேட்கிற ஒரே ஆளும் அவள்தான். சாயங்காலத்துக்குள் அவளுக்கே அவள் சொல்வதில் நம்பிக்கை வந்துவிடும். "நாலு பேர் வாங்கினாங்க, அஞ்சாவது ஆளா நானும் ஒண்ணு எடுத்துட்டேன்" என்று பையும் கையுமாக வந்து நிற்பாள். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆறு முட்டை அவிக்கும் மெஷின் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் துடைக்கும் காந்தத் துடைப்பான் இருக்கிறது. எங்கள் வீட்டு ஜன்னலில் கண்ணாடியே கிடையாது, கொசுவலைதான்.

நான் மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன். வீட்டின் முன்னறைதான் என் கடை. அவள் விற்றதில் பாதி கொஞ்ச நாளில் என் மேஜைக்கு வந்துவிடும். ஊரார் கொண்டுவருவதைப் பிரித்துப் போட்டு அலசி ஆராய்கிற எனக்கு, வீட்டுக்குள் வருவதைத் தடுக்க மட்டும் வாய் வராது. அவள் முகத்தில் அந்த நேரத்துக் குஷி அப்படி.

அவள் கால் கெட்டுப்போன பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது. முட்டிக்குக் கீழே நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு, ராத்திரி படுத்தால் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் புரண்டாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நாள் முழுக்க நிக்கிற வேலையை விட்டாத்தான் சரியாகும்மா" என்றார். கடை மேனேஜர் நல்ல மனிதர். அடுத்த மாதத்திலிருந்து ஒரே ஒருவருக்குக் காலை வேளை மட்டும் வேலை தரலாம், மத்தியானம் வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் சம்பளமும் பாதிதான் என்றார். மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

"பாதிச் சம்பளத்துல ஓட்ட முடியுமாங்க?" என்று கேட்டாள்.

"இந்த மாசமே ஓட்டிப் பாப்போம். மீதிப் பாதி பேங்க்லயே கிடக்கட்டும். அதுல கை வைக்காம இருந்துட்டா நீ மத்தியானம் வீட்டுக்கு வந்துடு."

"கை வச்சுட்டா?"

கை வைக்காமல் இருக்க நான் ஒரு வழி யோசித்தேன்.

அவள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சரக்கு வந்தால், கை பழகுவதற்காக டெமோ பீஸை ஒரு ராத்திரிக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதை வைத்து நான் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் எது வேண்டுமானாலும் முதலில் டெமோ பீஸைக் கொண்டு வந்து எனக்கு விற்றுக் காட்ட வேண்டும். எனக்குச் சம்மதம் என்றால்தான் வாங்கலாம். மெக்கானிக்கை யார் ஏமாற்ற முடியும் என்று நினைப்பு.

முதலில் வந்தது ஆவி அடிக்கும் கை இஸ்திரி. என் சட்டையைக் கதவில் மாட்டினாள். புஸ்ஸென்று ஒரு இழுப்பு இழுத்தாள். கசங்கல் போன இடம் தெரியவில்லை. "மேஜை வேண்டாம், விரிக்கத் துணி வேண்டாம், அவசரத்துக்கு நின்ன இடத்துல வேலை முடிஞ்சுது சார்" என்றாள். முன்னறையில் ரிப்பேருக்கு வந்த இஸ்திரிப் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

"ரெண்டா எடுத்தா குறைப்பாங்களா?" என்று கேட்டேன்.

ஒன்றை வாங்கிவிட்டோம். பேங்கில் கிடந்த பாதியில் ஓட்டை விழுந்தது. மறுநாள் ராத்திரி அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே ஆணியில் அந்தக் கை இஸ்திரி தொங்கியது. எனக்கு அதன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம். திருப்பிக் கொடு, நான் வந்து கேட்கிறேன் என்று குதித்தேன்.

"நான் குடுத்துக்கறேன், பெட்டிய நான் இன்னும் தூக்கிப் போடல" என்றாள். "தப்பு இஸ்திரி மேல இல்ல. ஆசைப்படறதும் நான், விக்கிறதும் நான். அப்புறம் எப்படி உருப்படும்? மாத்திப் போடுங்க. யாருக்கு ஆசையோ அவங்க வாங்க வந்தவங்க. இன்னொருத்தர் விக்கணும்."

"நான் விக்கறதா?"

"ஆமா, நீங்கதான். பாக்கலாம் உங்க சாமர்த்தியத்த."

இஸ்திரி கடைக்குப் போய், பணம் பேங்குக்குத் திரும்பியது. அடுத்து வந்தது காற்றை உறிஞ்சிவிட்டு மூடிக்கொள்ளும் டப்பா. அதன் மேல் அவளுக்கு உயிர். நான் மேஜைக்குப் பின்னால் நின்றேன். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளராக எதிரே வந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது.

"இது ஒரு டப்பா" என்றேன். "மூடி இருக்கு."

"மேல சொல்லுங்க சார்."

"இந்த ரப்பர் வளையம்தான் முதல்ல போகும். தனியா கிடைக்காது. இந்தப் பட்டன்ல தண்ணி இறங்கும். இறங்கினா என்கிட்டதான் கொண்டு வருவீங்க. நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள். "உங்கள மாதிரி ஒரு ஆள் போதும், எங்க முதலாளி கடைய இழுத்து மூடிட்டுப் போயிடுவார்" என்றாள். டப்பா காலையில் கடைக்குத் திரும்பிப் போனது. அதற்கடுத்து வந்த பழச்சாறு மெஷினும் போனது, தலையணைக்குள் வைக்கும் பாட்டுப் பெட்டியும் போனது. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அவளே, "சரி, நீங்க விக்க வேண்டாம், எனக்கே உங்க குரல் கேக்குது" என்று வெறுங்கையோடு வர ஆரம்பித்தாள்.

மாதம் முடியப் போகும் சமயத்தில் கெட்டது நான்தான். ஒருநாள் அவளை அழைத்துவரக் கடைக்குப் போனேன். மேஜை மேல் கால் பிடித்துவிடும் மெஷின் இருந்தது. காலை உள்ளே விட்டால் உருளைகள் சுற்றும். மோட்டார் சோப்ளாங்கி என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டே யாருக்கோ சிரித்து விளக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் மோட்டாராவது மண்ணாவது. வாங்கினால் பேங்கில் இருப்பது அப்படியே காலி என்று தெரிந்தும், எனக்கு அது வேண்டும்.

"கொண்டு வா. நீ விக்கணும், சட்டம் அதுதான்" என்றேன். அவள் விற்று நான் வாங்காமல் போனது கிடையாது. வாங்கிவிடலாம் என்ற தைரியத்தில்தான் வீட்டுக்கு வந்தேன்.

அவள் கை கால் கழுவிவிட்டு வந்தாள். மெஷின் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு காலையும் தூக்கி என் மடியில் வைத்தாள். பிறகு என் கைகளைப் பிடித்து இழுத்து, அந்தக் கால்கள் மேல் வைத்தாள்.

"வாங்க சார்" என்றாள், கடைக் குரலில். "இந்த மாடல் பாருங்க. கரண்ட் வேண்டாம். சூடு தானா வரும். எங்க வலிக்குதுன்னு கேட்டுக் கேட்டுப் பிடிக்கும். கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும், சோப்பு போட்டா போயிடும்."

"வாரண்டி உண்டா?" என்றேன்.

"இத்தனை வருஷமா நான்தான் வச்சிருக்கேன் சார். அப்பப்ப கத்தும். மத்தபடி குறை சொல்ல முடியாது. ரிப்பேர் ஆனாலும் மெக்கானிக் வீட்டுலயே இருக்கார்."

நான் பிடித்துவிட ஆரம்பித்தேன். கெண்டைக்கால் கல் மாதிரி இருந்தது. இவ்வளவு நாளாக இந்தக் காலோடுதான் ஊருக்கெல்லாம் சிரித்திருக்கிறாள். அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக் குரலை மட்டும் விடவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன் சார். மத்தியானத்துல நான் வீட்டுல இருந்தாத்தான் இது சரியா ஓடும். பேங்க்ல இருக்கறதத் தொடாம விட்டீங்கன்னா, காலையில அந்தப் பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு மேனேஜர்கிட்ட சரின்னு சொல்லிடுவேன்."

"சொல்லிடு" என்றேன்.

"அப்ப பில் போட்டுடலாமா? எத்தனை எடுத்துக்கறீங்க சார், ஒரு கையா, ரெண்டு கையுமா?"

"ரெண்டும் போடு" என்றேன்.