சௌகரியமா இருக்கு, மாப்பிள்ளை

1

இந்தக் கதை என் தலையில் பிறக்கவில்லை. இடுப்புக்கு நான்கு விரல் மேலே, முதுகெலும்பில் பிறந்தது. கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். நான் சட்டையைத் தூக்கிக் காட்டுவேன்.

என் மாப்பிள்ளை பல் மருத்துவர். அவரிடம் தரையோடு ஒட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. தினமும் அதில்தான் கிளினிக்குக்குப் போகிறார். போகிற வழியில் என்னை நூலகத்தில் இறக்கிவிடுகிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே காரை ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் கொண்டுபோய் விரட்டுகிறார். ஆக, ஒரே வண்டி மாமனாரையும் தாங்க வேண்டும், வளைவுகளையும் தாங்க வேண்டும். அதற்கு எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் என்பதுதான் கதை. (காதலோ கொலையோ எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். கை கொடுக்க ஆள் வேண்டும். சீட் அவ்வளவு பள்ளம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தச் சிவப்புக் கார் இடிபோல முழங்கியபடி—"

காரின் நிறம் சாம்பல். முழக்கமும் கிடையாது, யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம்.

இரண்டாம் முயற்சி: "பெரியவர் வலியில் துடித்துப்போய்—"

துடித்திருந்தால் கதையே இல்லை. துடிக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

3

மாப்பிள்ளை முதன்முதலாக ஸ்பிரிங்கை மாற்றி, காரை இன்னும் இறக்கி, இறுக்கி ஓட்டிவந்த காலையில், நோயாளிகளிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "எப்படி இருக்கு மாமா? வலிக்குதா?"

அப்போதுதான் ஒரு வேகத்தடையைத் தாண்டியிருந்தோம். என் பல்செட் துள்ளிப் போய் டாஷ்போர்டைக் கடித்துவிட்டு வாய்க்குத் திரும்பியிருந்தது.*

"சௌகரியமா இருக்கு, மாப்பிள்ளை" என்றேன்.

* நான்கு பல் தடம் இன்னும் இருக்கிறது. நான் அதன்மேல் துணி போட்டு மூடியிருப்பதால் வெளியே தெரியாது. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: இப்போதெல்லாம் சாலையில் கிடக்கும் நாணயத்தின்மேல் கார் ஏறினால், பூவா தலையா என்று என் முதுகு சொல்லிவிடும். இதுவரை தப்பியதில்லை.

4

ஏன் பொய் சொன்னேன்? அதற்கு முந்தைய நாள் சமையலறையில் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, உங்க முதுகு ஒரே ஒரு தடவை 'ஆ'ன்னு சொல்லட்டும். மறுநாளே அந்தக் கார வித்துட்டு, ஆளு உட்கார்ற மாதிரி பெரிய வண்டியா வாங்கிடலாம்."

"மாப்பிள்ளை ஒத்துக்குவாரா?"

"உங்களுக்காகன்னா மறுபேச்சு பேச மாட்டார். அதான் நீங்க சொல்லுங்கங்கிறேன்."

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். அடுத்தவர் வாயையே பார்த்துப் பார்த்து அவர் வாய் சலித்துவிட்டது. தடத்துக்குப் போய்வந்த ஞாயிறு மாலை மட்டும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வளைவு வளைவாகக் கையாட்டிப் பேசுவார். அந்த ஒரு மாலையை விற்க எனக்கு மனம் வரவில்லை.

(இந்த மாப்பிள்ளை நம்பும்படி இல்லையே, இவ்வளவு மரியாதையா என்று சந்தேகப்படுவீர்கள். எனக்கும் சந்தேகம் வந்தது. என் கதைகளை எல்லாம் வாங்கிப் படித்துவிட்டு "நல்லா இருக்கு மாமா" என்பார். ஒருமுறை கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். "முடிவு ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றார்.)

5

போன ஞாயிறு கையாட்டல் இல்லை. பேசாமல் வந்து பேசாமல் சாப்பிட்டார். மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனார். அங்கே இருக்கும் மெக்கானிக்குக்கு 'அவசரம்' என்று பெயர். எதிலும் அவசரப்படாததால் வந்த பெயர்.

அவசரம் குனிந்து, முன் பம்பரில் சிக்கியிருந்த புல்லை உருவினார். "என்ன டாக்டர், மாடு வளர்க்கிறீங்களா?"

"அந்தப் பெரிய வளைவுல பின்பக்கம் குதிச்சிடுச்சு. சுத்திக்கிட்டே வெளிய போயிட்டேன். சுவருக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நின்னுச்சு." மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "வீட்ல சொல்லிடாதீங்க மாமா."

அவசரம் நிதானமாகக் கை துடைத்தார். "ரெண்டு காரணம் இருக்கலாம். ஸ்பிரிங் ரொம்பக் கெட்டியா இருந்தா, மேடுபள்ளத்துல டயர் தரைய விட்டுக் குதிக்கும். அப்படின்னா இளக்கமான ஸ்பிரிங் போட்டு, குமிழைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற ஷாக் அப்சார்பர் மாட்டணும். ரோட்டுக்குத் தளர்த்திக்கலாம், தடத்துக்கு இறுக்கிக்கலாம். இல்ல, ஸ்பிரிங் ரொம்ப இளக்கமா இருந்தா அமுங்கி அடியில போய் முட்டும். அப்பவும் குதிக்கும். அதுக்குப் பந்தயக்காரங்க போடுற கெட்டி ஸ்பிரிங்."

"நம்மது எது?"

"ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும். எனக்கு வேகம்னா மயக்கம் வரும்." அவசரம் என்னைப் பார்த்தார். "தினம் உட்கார்ற ஆளு இவருதானே? ஐயா, எப்படி இருக்கு வண்டி?"

மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார்.

வாய் தானாகத் திறந்தது. "சௌகரியமாத்தான் இருக்கு."

"பார்த்தீங்களா!" அவசரம் கையைத் தட்டினார். வாழ்நாளில் அவர் வேகமாகச் செய்த காரியம் அதுவாகத்தான் இருக்கும். "இந்த வயசுல இவருக்கே சௌகரியம்னா, கெட்டி ஸ்பிரிங்னு சொல்லி உங்களுக்கு இளக்கமானதைத் தள்ளிட்டாங்க. கெட்டியானதையே போட்டுடலாம் டாக்டர்."

நாளைக் காலை மாப்பிள்ளை போன் செய்து ஆர்டர் சொல்ல வேண்டும்.

6

முடிவுகள்.

(அ) உண்மையைச் சொல்கிறேன். மகள் காதுக்குப் போகிறது. வாசலில் பெரிய வண்டி. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து, கையை அசைக்காமல்—

(ஆ) சொல்லவில்லை. கெட்டி ஸ்பிரிங் வருகிறது. அந்தப் பெரிய வளைவில் பின்சக்கரம்—

இல்லை. இந்த வாக்கியத்தை நான் எழுத மாட்டேன். நாற்பது கதைகளில் எத்தனையோ பேரைக் கூசாமல் கொன்றிருக்கிறேன். இவரை அந்தச் சுவர் பக்கம்கூடக் கொண்டுபோக என் பேனாவுக்குத் தைரியமில்லை.

(இ) இது நடந்தது, இன்று சாயங்காலம். பல்செட் உறுத்துகிறது என்று மாப்பிள்ளையிடம் கழற்றிக் கொடுத்தேன். விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமா, போன வருஷம்தானே செஞ்சேன்? ஏன் இப்படித் தேய்ஞ்சிருக்கு? எதையாவது நறநறன்னு கடிச்சிக்கிட்டே இருக்கீங்களா?"

பல் அவர் கையில். நான் பொக்கை வாயோடு நின்றேன். அந்த வாயில் 'சௌகரியம்' என்ற சொல் உருப்படியாக வராது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பல்லைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எழுத்தாளனாக, (இ) எனக்குப் பிடித்திருக்கிறது. மாமனாராக, போதவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டதா, பல் தேய்ந்தது மட்டும்தான் தெரிந்ததா?

7

நேரில் சொல்லித் தொலைப்பதுதானே என்பீர்கள். பல் அவர் செய்தது. அவர் முகத்தைக் கண்டால் அவர் பக்கம்தான் பேசுகிறது. அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை, அவர் போனை எடுப்பதற்கு முன்னால், இதை அவர் கையில் கொடுப்பேன்.

மாப்பிள்ளை, வலிக்கிறது. முதல் நாளிலிருந்தே. உங்கள் ஸ்பிரிங் கெட்டிதான்; யாரும் ஏமாற்றவில்லை, என்னைத் தவிர. இளக்கமானதைப் போடுங்கள், குமிழ் வைத்ததை மாட்டுங்கள். ஞாயிறு உங்களுக்காக இறுக்குங்கள், திங்கள் எனக்காகத் தளர்த்துங்கள். உங்கள் மனைவிக்கு இந்தக் கதையைக் காட்ட வேண்டாம்.

கடைசிப் பக்கத்தை வேண்டுமென்றே வைக்கவில்லை. படித்துவிட்டு அவர் "முடிவு ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்று சொன்னால், போனைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு நூலகத்துக்கு நடந்தே போவேன்.

"கடைசிப் பக்கம் எங்க மாமா?" என்று கேட்டால், பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, முதல் தடவையாக