பாலகுருவின் கால்

"பேர்" என்று போட்டுப் பக்கத்தில் கோடு இழுத்திருந்த தாளைச் சீனிவாசகம் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, விஸ்வநத்தம் ரோட்டில் பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிக்கிற அச்சகத்தை ஆரம்பித்த மனுஷர். அவர் அனுபவத்தில், பேர் கேட்டு வந்த தாள் எதுவும் நல்லதுக்கு வந்ததில்லை.

"என் பேரு எதுக்கு?"

"உங்க பேரு இல்லப்பா. கதைக்குள்ள போற ஆளோட பேரு. அவன் என்ன செய்யணும், எங்க போகணும்னு நீங்கதான் சொல்லுவீங்க" என்றாள் மகள் பிரீத்திகா.

"போனா அவனுக்கு என்ன வரும்?"

"என்ன வேணாலும் வரும். பூதம் அடிக்கும், பாம்பு கடிக்கும். செத்தும் போகலாம்."

சீனிவாசகம் கொஞ்சம் யோசித்தார்.

"பாலகுருன்னு எழுது."

பைண்டிங் பார்க்கிற வேலுத்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மெஷின் ஓட்டுகிற மணிகண்டராஜ் கூரையைப் பார்த்தான். பாலகுரு என்பவர் எதிர்வரிசையில் இதே லேபிளை இதே நாலு கலரில் அடிப்பவர். இருவருக்கும் பேச்சு நின்று முப்பது வருஷம் இருக்கும். காரணம் இரண்டு பேருக்குமே மறந்துபோய், கோபம் மட்டும் நல்ல நிலைமையில் இருந்தது.

பிரீத்திகா பெங்களூரில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து உண்டாக்கிய ஆட்டம் இது. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று சொல்ல இருபது முகம் வைத்த ஒரு பகடை. இதைப் புத்தகமும் பெட்டியுமாக அப்பாவின் மெஷினில்தான் அடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "எனக்கு வெளங்காதத என் மெஷின்ல ஏத்த மாட்டேன். ஆடிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார் அவர். நீங்கள் வேண்டாம் என்றால் இதை மூட்டை கட்டிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்றாள் அவள். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழாத மாதிரி சீனிவாசகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் மெஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பைண்டிங் மேஜையில் ஆட்டம் ஆரம்பித்தது. பாளையக்காரர் காலத்துச் சீமை மாதிரி ஒரு சீமை. அங்கே பூதம் உண்டு, பேசுகிற கழுகு உண்டு. இதெல்லாம் சீனிவாசகத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பூதம் என்றதும் "சரி, மேல சொல்லு" என்று விட்டார். அவருக்குத் தொண்டையில் சிக்கியது மாட்டுவண்டிதான்.

"பொழுதுக்கும் போனா ஆமத்தூர்லருந்து மல்லாங்கிணறு போற தூரந்தான்பா வண்டி போகும். அதுக்கு மேல ஓட்டினா மாடு படுத்துரும்."

"ஏ பிள்ள, மேல பூதம் பறக்குது. கீழ மாட்டுக்கு லாடம் தேயுதாக்கும்?"

"மாடு நெசமா இருந்தாத்தான் பூதத்தப் பாத்துப் பயம் வரும்."

"பொய்யின்னு ஆயிப்போச்சு. அதுல என்னத்துக்குக் கஞ்சத்தனம்? அந்த மாட்டுக்கும் ரெண்டு றெக்கையக் குடேன்."

வீணாய்ப்போன தாளின் முதுகில் கணக்கெழுதி, அதற்கும் இடுக்கில் இன்னொரு கணக்கெழுதுகிற மனுஷர் பொய்யில் இப்படித் தாராளம் காட்டுவார் என்று யாரும் நினைக்கவில்லை. காராச்சேவும் காபியும் கொண்டுவந்த அவர் மனைவி பொன்னுத்தங்கம் நின்று கேட்டுவிட்டு, "எனக்கு ஒரு றெக்கை வாங்கித் தந்தீகளா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பகடையை அவர் நம்பவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் கை நிறைய உப்பைக் கரைத்து, பகடையை மிதக்கவிட்டு, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு முகம் கனமாக இருந்தால் அது திரும்பத் திரும்ப அடியில் போய் நிற்கும். நிற்கவில்லை. "ஏமாத்துறதா இருந்தா நல்லாத்தான் ஏமாத்துது" என்று துடைத்து வைத்தார்.

அன்றைக்கு ஆட்டம் முடிகிற நேரத்தில், பாலகுரு வண்டியை நிறுத்திவிட்டு ஒரு புதர் ஓரம் ஒதுங்கப் போனான். பகடையில் இரண்டு விழுந்தது. பிரீத்திகா சொன்னாள்: "வலது கால்ல உடைமுள்ளு ஏறிருச்சு."

"ஆளமாவா?" என்றார் சீனிவாசகம். முகம் மலர்ந்திருந்தது.

"ஆழமாத்தான். உள்ளயே ஒடிஞ்சிருச்சு. இனி தெனமும் பகடை போடணும். கம்மியா விழுந்தா புண்ணு புரையோடி மேல ஏறும். பாதம், முழங்கால், தொடை, அதோட சரி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்காரு. அவராலதான் முடியும்."

சீனிவாசகம் தட்டில் மிச்சமிருந்த சேவை மொத்தமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அச்சாபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு நல்ல ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாய்த்ததில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் அசல் பாலகுரு நின்றிருந்தார். சீனிவாசகத்தின் கண் தன்னால் அவர் வலது காலுக்குப் போனது. போன கண் திரும்பவில்லை. பாலகுரு இதைக் கவனித்தார். குனிந்து காலைப் பார்த்தார், செருப்பைக் கழற்றித் தட்டிப் பார்த்தார், டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார். நடை நன்றாகத்தான் இருந்தது. ஏனென்று தெரியாமல் சீனிவாசகத்துக்கு ஒரு மூச்சு இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே முதலில் வந்து உட்கார்ந்தார். கதைக்குள் இருந்த பாலகுரு நொண்டிக்கொண்டே வண்டியோடு நடந்தான். மாட்டுக்குப் பாரம் கூடுகிறது என்று அரிசி மூட்டையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். பட்டினியாகக் கிடந்த கழுகுக்குத் தன் பங்குச் சோற்றைப் போட்டான். இதையெல்லாம் செய்யச் சொன்னது சீனிவாசகம்தான். ஆனால் "பாத்தியா, நல்ல பயதான்" என்று அவரே வேலுத்தாயிடம் ஆச்சரியப்பட்டார். பகடை மட்டும் இரக்கம் காட்டவில்லை. புண் முழங்காலுக்கு ஏறியது.

"அந்தச் சட்டத்த எடுத்துரு" என்றார்.

"எந்தச் சட்டத்த?"

"புண்ணு சட்டத்த. முள்ளுக் குத்திச் சாகுறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தான்? பூதம் அடிச்சுச் சாகட்டும். அதுல ஒரு மரியாதி இருக்கு."

"அந்தக் காலத்துப் போர்ல வெட்டுப்பட்ட எடத்துலயே செத்தவனவிட, புண்ணு புரையோடியும் காய்ச்சல்லயும் செத்தவன்தான்பா சாஸ்தி. அத எடுத்துட்டா நடந்த நடைக்கு வெல இல்ல, முள்ளுக்கு வெல இல்ல. வெறும் அடிதடிதான் மிஞ்சும்."

"எடுக்க மாட்டியா?"

"மாட்டேன். நீங்க அடிக்க மாட்டேன்னாலும் சரி."

அவள் மோவாய் முன்னால் வந்திருந்தது. அந்த மோவாயைத்தான் அவர் தினமும் கண்ணாடி முன் நின்று சவரம் செய்கிறார். மேற்கொண்டு பேசிப் பலனில்லை என்று அவருக்குத் தெரியும்.

மலைக்கு அந்தப் பக்கம் போக ஒரு குகைதான் வழி. வாசலைப் பாறை அடைத்துக் கிடந்தது. பாறைக்குப் பக்கத்தில், என்றைக்கோ ஓடிப்போன ஒரு ராஜாவின் படை விட்டுவிட்டுப் போன பீப்பாய்கள். உள்ளே வெடிமருந்து. வேலுத்தாய்க்குப் பிரீத்திகா கொடுத்திருந்தது தீ மந்திரவாதி வேஷம். விரலைச் சொடுக்கினால் நெருப்பு வரும். இந்த ஒரு காட்சியை மனதில் வைத்துத்தான் பிரீத்திகா மொத்தக் கதையையும் கட்டியிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"மருந்தா?" என்றாள் வேலுத்தாய். பைண்டிங்குக்கு வருவதற்கு முன்னால் அவள் பட்டாசுக் கம்பெனியில், செருப்போடு நுழையக் கூடாத மருந்து அறையில் இருந்தவள். மேஜைக்கு அடியில் அவள் கால் இரண்டும் செருப்பை விட்டுக் கழன்றன. "பாப்பா, கதைல இப்ப வெயில் எப்பிடி?"

"உச்சி வெயில்க்கா."

"அப்ப இன்னைக்கு ஆகாது. நாளைக்கு வெள்ளன பாப்போம்."

"நான் வாளையும் கேடயத்தையும் கழட்டித் தூரமா வச்சிட்டேன். இரும்பு உரசுனா வம்பு" என்றான் மணிகண்டராஜ். அவனும் செருப்பைக் கழற்றியிருந்தான்.

"அக்கா, நீங்க தீ மந்திரவாதி. ரெண்டு வாரமா ஒரு பொறி கூட விடல."

"விடவும் மாட்டேன்."

"இது அந்தக் காலத்து மருந்துக்கா. கரி, கந்தகம், வெடியுப்பு, அம்புட்டுத்தான். இப்ப உள்ள வேகம் அதுக்குக் கெடையாது."

"நீ படிச்சது சரியாத்தான் இருக்கும் பாப்பா. நான் கிட்டப் போகல."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆட்டத்தில் நடந்ததெல்லாம் மணல் அள்ளியதும் தண்ணீர் சுமந்ததும்தான். உச்சி வெயிலில் நிறுத்தினார்கள். மறுநாள் விடியலில் காற்று வீசுகிறது என்று நிறுத்தினார்கள். பேசுகிற கழுகு பக்கத்தில் வந்ததற்கு மணிகண்டராஜ் அதைத் திட்டி விரட்டினான். பூதம் ஒன்று எட்டிப் பார்த்தது. அதையும் அப்பால் போய் நிற்கச் சொன்னார்கள். நாள் போகப் போகப் பகடை உருண்டது. புண் தொடையைத் தொட்டது.

"தொடைக்கு வந்துட்டுப்பா" என்றாள் பிரீத்திகா. "இன்னைக்குள்ள அந்தப் பக்கம் போகாட்டி பாலகுரு இல்ல."

சீனிவாசகம் மேஜையில் அடித்தார். "கொளுத்துங்கலே! கதைதானேலே! ஒருத்தன் கால் அழுகிச் சாகக் கெடக்கான், நீங்க என்னடான்னா மண்ணள்ளிக்கிட்டு இருக்கீக!"

"நீங்க கொளுத்துங்க மொதலாளி" என்றாள் வேலுத்தாய், மரியாதையாக.

கையில் பிடித்து வெடிக்காதீர் என்று லட்சக்கணக்கான லேபிள்களில் அடித்துத் தள்ளிய கை பகடைக்கு மேலே நின்றது.

"என்ன விழணும்?"

"பதினஞ்சும் அதுக்கு மேலயும். விழுந்தா பாறை ஒடஞ்சு வழி கெடைக்கும். கொறஞ்சா பாலகுரு மருந்தோட போயிருவான்."

"திரி எம்புட்டு நீளம்?"

"உங்களுக்கு எம்புட்டு வேணும்?"

"நீளமா வேணும்."

"சரி, நீளமாவே வச்சுக்கோங்க. மத்தவங்க எங்க நிக்கீங்க?"

பதிலுக்கு வேலுத்தாயும் மணிகண்டராஜும் நாற்காலியை விட்டு எழுந்து வாசற்படிக்குப் போனார்கள். பிரீத்திகா சிரிக்கத் தொடங்கி, அவர்கள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள். சீனிவாசகம் பகடையை எடுத்தார். மேஜையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு அவரும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசற்படிக்குப் போய், மற்ற இருவருக்கும் நடுவில் நின்றார்.

"பாலகுரு வச்சிட்டான்" என்று சொல்லி, அங்கிருந்தே பகடையை வீசினார்.

அது பைண்டிங் மேஜையின் நுனியில் விழுந்து, நீளவாக்கில் உருண்டு, சங்குச்சக்கர லேபிள் கட்டு ஒன்றில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. வாசலில் இருந்து எண் தெரியவில்லை. பிரீத்திகா எட்டிப் பார்க்க எழுந்து குனிந்தாள்.

"கிட்டப் போகாத!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவள் பாதி குனிந்தபடியே திரும்பிப் பார்த்தாள். வெறுங்காலோடு வேலுத்தாயும் மணிகண்டராஜும்; அவர்களை இரண்டு கையாலும் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அப்பா.

"பொறு பிள்ள" என்றார் சீனிவாசகம், தாழ்ந்த குரலில். "புகை அடங்கட்டும்."

பிரீத்திகா கையை எடுத்துக்கொண்டாள். மெதுவாக இரண்டு அடி பின்னால் வந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.